உடையிலும் ஒரு விரதம்



இல்லறத்தார்க்கு உரிய விரதங்களுள் ஒன்று போகோபபோக பரிமாணம். ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம். மீண்டும் மீண்டும் பயன்படுவது உபபோகம். உணவு முன்னதற்கும் உடை பின்னதற்கும் சான்று. சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வேறுபாட்டை விளக்கியுள்ளார். நெடுநாள் உழைக்கவேண்டிய ஆடையைச் சின்னாளில் கந்தலாக்குவோமாயின், உபபோகத்தைப் போகமாக்கிய குற்றம் நம்மைச் சாரும்.

ஆடையொன்றில் என்ன இம்சை என்று வினவலாம். திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறுகளையும் வயல்களையும் கெடுத்ததை நம் கொங்கு நாடு கண்டது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நீரை வடிகட்டிப் பருகும் நாம், ஆற்று நீரில் வாழ்ந்த உயிர்களை மறக்கலாமா? ஐந்தாண்டு உழைக்கும் சேலையைப் பத்தாண்டு பேணினால் ஒரு சேலைக்குரிய சாயமும் நீரும் மிஞ்சும்.

நம் பிழையையும் கூறிவிடுகின்றோம். நெகமம் பருத்திச் சேலையொன்றைக் கஞ்சியிட்டுப் பெட்டியில் வைத்திருந்தோம். மழைக்காலம் கழித்து எடுத்தபோது இராமபாணப் பூச்சி மடிப்புகளை அரித்திருந்தது. சினம் மேலிட அந்துருண்டைகளைக் கொட்டினோம். சில நாளில் பெட்டியின் அடியில் சிற்றுயிர்கள் மடிந்து கிடந்தன. கஞ்சியை உணவாக வைத்து அழைத்தவரும் நாமே. வந்தவற்றைக் கொன்றவரும் நாமே! பிள்ளைகளுக்கு முப்பதாண்டு அகிம்சை போதித்த நமக்கு அன்றுதான் அப்பாடம் விளங்கிற்று.

அன்று முதல், எடுத்து வைக்கும் பருத்தி ஆடையைக் கஞ்சி போக அலசி, ஈரம் சிறிதுமின்றி உலர்த்திய பின்னரே மடிக்கின்றோம். சாயம் வெளுக்காதிருக்க உட்புறம் வெளியாகத் திருப்பி நிழலில் உலர்த்துகின்றோம். கல்லில் ஓங்கி அடிப்பதில்லை. அடித்தால் இழை நைந்துவிடும். ஒரே மடிப்பில் கிடந்தால் அவ்விடமே இற்றுப்போகும். ஆதலால் திங்கள்தோறும் பிரித்து மாற்றி மடிக்கின்றோம். அப்போது உயிர் ஏதேனும் உண்டா என நோக்கி எடுத்து, நோக்கி வைக்கின்றோம். முனிவர்தம் ஆதான நிட்சேபண சமிதியை இல்லறத்தாரும் இயன்றமட்டும் பழகலாமன்றோ? சிறு கிழிசலை அன்றே தைத்துவிடுகின்றோம்.

சகோதரியரே, பரிமாணம் என்பது அளவு. இன்றே பெட்டியைத் திறந்து உள்ள ஆடைகளை எண்ணி எழுதுங்கள். வரும் தசலட்சணப் பருவம் வரை அவ்வெண்ணிக்கையைக் கூட்டுவதில்லை என விரதம் ஏற்போம். உழைத்து ஓய்ந்த வெள்ளை வேட்டியை எறியாமல் இரண்டாக மடித்து, நீர் வடிகட்டும் துணியாக்குவோம். அதன் கடைசி இழையும் உயிர் காக்கட்டும்.

அறம் வளர்க!