கடிதம் கைக்கு வரும்வரை

நேர்முகத் தேர்வின் இறுதிச் சுற்று முடிந்து, கடிதம் விரைவில் வரும் என்று மனிதவள அலுவலர் வாய்மொழியாகக் கூறிய பின்னரும் பிற நிறுவனங்களின் தேர்வுகளுக்குச் செல்வது நம்பிக்கைத் துரோகம் ஆகாது என்பதை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒப்பந்தத்தை விளக்கும் முறையிலிருந்தே உணரலாம். ஒருவர் தம் விருப்பத்தைத் தெரிவிப்பது முன்மொழிவு, மற்றவர் அதற்கு இசைவது ஏற்பு. அந்த ஏற்பு அனுப்பப்படும்வரை முன்மொழிந்தவர் தம் சொல்லைத் திரும்பப் பெறலாம் என்று அச்சட்டத்தின் 5ஆம் பிரிவு இடமளிக்கையில், முன்மொழிவே எழுத்தில் வந்துசேராத நிலையில் விண்ணப்பதாரரை மட்டும் கட்டுப்பட்டவராகக் கருதுவது நியாயமன்று.

நோக்கக் கடிதம், அதாவது பணியமர்த்தும் எண்ணத்தை மட்டும் தெரிவித்து நியமன ஆணையைப் பின்னர் தருவதாகக் கூறும் தாள், சேரும் நாளைப் பல வேளைகளில் உறுதி செய்வதில்லை. 2022இல் பொறியியல் பட்டம் பெற்று, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கடிதம் கையில் இருந்தும் அழைப்புக்காக ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருந்த இளைஞர்களின் நிலை (கல்விக் கடனின் தவணை அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை) மிகவும் வருந்தத்தக்கது. ஏற்கெனவே பணியில் இருப்போருக்கு இடர் இன்னும் கூடுதல்: 90 நாள் அறிவிப்புக் காலம், அதாவது விலகல் கடிதம் கொடுத்த பின்னும் பணியாற்ற வேண்டிய காலம், வழக்கமாக உள்ள நிறுவனங்களில், கையொப்பமிட்ட நியமன ஆணை வருமுன் விலகுவோர் இரு பக்கமும் பிடிப்பை இழக்கக்கூடும்.

ஏற்பை எழுத்தில் அளித்த பின்னர் நிலை மாறுகிறது. அதன்பின் வேறிடத்தைத் தேர்ந்தெடுப்பவர், காத்திருப்புப் பட்டியலில் உள்ள மற்றொருவருக்கு அவ்விடம் கிடைக்கும்படி, தம் முடிவை அன்றே எழுத்தில் தெரிவித்தல் வேண்டும்.