பூம்பாவை என்று பெயர் வைக்கலாமா?

பேத்திக்குப் 'பூம்பாவை' என்று பெயர் சூட்ட ஆசை. ஆனால், 'பாம்பு தீண்டி இறந்த பெண்ணின் பெயர் ஆயிற்றே!' என்று வீட்டுப் பெரியவர்கள் தயங்குகிறார்களா? மயிலாப்பூர் கபாலீஸ்வரரிடம் வாருங்கள்.

மயிலையில் வாழ்ந்த வணிகர் சிவநேசருக்குத் தவமிருந்து பிறந்த மகள் அவள். தாமரைப் பூவில் அமர்ந்த திருமகளே வந்தாற்போல் இருந்ததால் பூம்பாவை என்று பெயரிட்டனர் என்கிறது பெரியபுராணம். 'பாவை' என்றால் பதுமை. கண்ணின் கருமணிக்கும் அதுதான் பெயர். பெற்றவளுக்கு வேறு எப்படிக் கூப்பிடத் தோன்றும்?

மகளைத் திருஞானசம்பந்தருக்கே உரியவள் என்று அறிவித்திருந்தார் சிவநேசர். ஏழு வயதில் பூப்பறிக்கப் போன இடத்தில் அரவம் தீண்டியது. அஸ்தியைக் குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்து, பட்டும் மாலையும் சாத்திக் காத்திருந்தார் அந்தத் தகப்பனார்.

சம்பந்தர் திருவொற்றியூருக்கு வந்த செய்தி கேட்டு அழைத்து வந்தார். கோயில் வாசலில் குடம். சம்பந்தர் என்ன பாடினார் தெரியுமா? விஷம் இறங்க மந்திரம் அல்ல, திருவிழாக்களை! ஐப்பசி ஓணம், திருக்கார்த்திகை, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம்... 'இதையெல்லாம் காணாமலா போகிறாய்?' என்று ஒவ்வொரு பாட்டிலும் பெயர் சொல்லி அழைத்தார். (இரண்டாம் திருமுறையில் உள்ளது இந்தப் பதிகம். நம் ஊரின் பழைய திருவிழாப் பட்டியலும் இதுதான்!) பெயர் சூட்டும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்கிறோம். சம்பந்தர் பத்து முறை சொன்னார். பத்தாவது பாட்டில் குடம் உடைந்தது. ஆம்! பன்னிரண்டு வயதுப் பெண்ணாக எழுந்து வந்தாள்.

சிவநேசர் மணம் பேச, 'உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள்' என்று மறுத்துவிட்டார் சம்பந்தர். அவளும் சிவத்தொண்டிலேயே இருந்து இறைவனை அடைந்தாள்.

ஆகவே, இது போனவளின் பெயர் என்று ஏன் எண்ண வேண்டும்? திரும்பி வந்தவளின் பெயர் அம்மா இது! இறந்த குழந்தையை அழைத்த பெயர். அவள் காதில் விழுந்த பெயர். தாராளமாக வையுங்கள்.

வெளிப்பிராகாரத்தில் அங்கம் பூம்பாவைக்குத் தனிச் சந்நிதி உண்டு. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் அவள் எழுந்த நிகழ்ச்சி நடைபெறும். அன்று பிற்பகல்தான் அறுபத்துமூவர். கூட்டத்துக்குப் பயந்து பலரும் மாலையில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் காலையிலேயே பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.