கொண்டதை மீட்டலும் மீட்டதைக் காத்தலும்

மாந்தர் நிலத்தினின்றும் நீரினின்றும் பொருள் கொள்ளுதல் உயிர்வாழ்க்கைக்கு இன்றியமையாதது. ஆதலின் கொள்ளுதல் குற்றமன்று. கொண்டபின் அவ்விடத்தைப் புண்பட்டவாறே விடுத்து நீங்குதலே குற்றமாம். அங்ஙனம் கைவிடப்பட்ட இடத்தைச் செம்மை செய்யுங் கடன் யாரைச் சாரும்? செம்மை செய்த அளவில் அக்கடன் தீர்ந்துவிடுமோ? இவ்விரு வினாக்களையும் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நிலக்கரிச் சுரங்கத்தை முதற்கண் நோக்குவாம். கரி தீர்ந்தால் சுரங்கமும் தீர்ந்தது என்று எண்ணுவார் பலர். அஃது உண்மையன்று. கூரையைத் தாங்குதற்பொருட்டு நிலத்தடியில் தூண்போல விடப்பட்ட கரி நாளடைவில் நொறுங்க, மேனிலம் உள்ளிறங்கும். தேங்கிய நீர் கந்தகங் கலந்த பாறையொடு கூடிப் புளிப்பேறிக் கிணற்றையும் ஆற்றையுங் கெடுக்கும். காற்றுப் புகுந்தவிடத்து எஞ்சிய கரி தானே தீப்பற்றும். வடநாட்டு ஜரியாவில் 1916ஆம் ஆண்டிற் காணப்பட்ட நிலத்தடித் தீ, நூறாண்டு கடந்தும் முற்றும் அவிந்திலது. ஆகலின் குழியைத் தூர்த்து, மேல்மண் பரப்பி, மரம் நட்டமையால் மட்டும் வேலை முடியாது. நிலமட்டத்தையும் நீரையும் வளியையும் பல்லாண்டு அளந்து பார்த்துவருதல் வேண்டும். நடுவணரசு 2009ஆம் ஆண்டில், சுரங்கத்தை மூடுதற்கு வேண்டும் பொருளை அதனை நடத்துவோர் ஆண்டுதோறுந் தனிக்கணக்கிற் கட்டிவரல் வேண்டுமென நெறி வகுத்தது. கொண்டவர் பின்னர் நில்லார் என்பதை அறிந்து வகுத்த நெறி இது.

தூத்துக்குடியில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. கரி கப்பலில் வந்திறங்கி அனல்மின் நிலையத்தில் எரிகின்றது. ஆயினும் சுரங்கத்தை ஒத்த புண்ணொன்று இக்கடலின்கண் உண்டு. தூத்துக்குடி தொடங்கிப் பாம்பன் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அவற்றைச் சூழ்ந்த பவளப்பாறைகள் அலையின் வலியைத் தாம் ஏற்றுக் கரையைக் காத்தன. அப்பாறைகளை முருகைக்கல் என்று பெயர்த்தெடுத்துத் தோணிகளில் ஏற்றிச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் தொழிற்சாலைக்கும் பல்லாண்டு அனுப்பினர். இப்பகுதி 1986ஆம் ஆண்டிற் கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001ஆம் ஆண்டிற் பவளம் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையிற் சேர்க்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே கல்லெடுத்தல் நின்றது. அதற்குள் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீருள் மறைந்தன.

கல்லெடுத்தல் நின்றபின்னும் தேய்வு நின்றிலது என்பது ஈண்டு உற்றுநோக்கற்பாலது. துறைமுகத்தை அடுத்த வான் தீவு 1986இல் ஏறத்தாழ 16 எக்டேர் பரப்புடையதாயிருந்தது. 2014இல் ஏறத்தாழ 2 எக்டேராகச் சுருங்கிற்று. எறிந்தவன் கையை மடக்கிக்கொண்டாலும் எறிந்த கல் வழியில் நில்லாதவாறு போல, செயல் ஓய்ந்தபின்னும் அதன் பயன் ஓய்வதில்லை. வினையின் இயல்பை இதனினுந் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது. 2015ஆம் ஆண்டு தொடங்கி மாநில அரசும், தூத்துக்குடிச் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிலையமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமுங் கூடி, துளையுடைய கற்காரைப் பாறைகளை வார்த்துத் தீவின் புறத்தே கடலுள் நிறுவினர். அலை தணிந்தது, மணல் சேரத் தொடங்கிற்று, மீனும் வந்து உறைகின்றது.

ஈண்டுச் சிலர் தடை நிகழ்த்துவர். “கல்லெடுத்தவர் ஒருவர், பொருள் செலவிடுவார் பிறரொருவர். ஒருவன் வினையை மற்றொருவன் நுகரான் என்பதன்றோ சித்தாந்தம்?” எனின், கூறுதும். சித்தாந்தம் அதுவே. ஆனால் இவ்வினையைச் செய்தவர் யாவர்? நாட்கூலிக்கு மூழ்கிய ஏழை மட்டுமோ? காளவாய் வைத்தவர், விற்றவர், அச்சுண்ணாம்பால் வீடு வெள்ளையடித்தவர், வெற்றிலையில் தடவி மென்றவர் ஆகிய யாவருக்கும் அதிற் பங்குண்டு. பயன் பரந்த இடமெல்லாங் கடனும் பரந்தது. தந்தையின் வீட்டைக் கொள்வேன், அவர் பட்ட கடனைக் கொள்ளேன் என்பானை அறங்கூறவையம் ஒப்பாது.

“இவ்வுலகம் மாயையின் காரியம், அழிவது. மணல்மேடொன்றைக் காத்தலால் வரும் உறுதி யாது?” எனின், உடலும் அழிவதே, அதுபற்றி யாரும் புண்ணைப் புழுக்க விடுவதில்லை. தனு கரண புவன போகங்கள் உயிர்கள் உய்தற்பொருட்டு இறைவனால் தரப்பட்டன. பிறர் தந்த கருவியைப் பழுதாக்குதல் தந்தவரை இகழ்தலாம். அன்றியும் பவளம் வெறுங் கல்லன்று. எண்ணிறந்த சிற்றுயிர்களின் உறையுள்.

“செம்மை செய்தாயிற்று, இனிப் பார்த்திருத்தல் எதற்கு?” என்பாரும் உளர். 2016ஆம் ஆண்டில் கடல்நீர் வெப்பமுற்றபோது இவ்வளைகுடாவின் பவளங்கள் பெரிதும் வெளுத்து மடிந்தன. நட்டதனோடு கடன் தீர்ந்ததென்று அகன்றிருந்தால் அவ்விழவினை அறிவார் யார்? ஐந்தொழிலுள்ளும் படைத்தலை அடுத்துக் காத்தல் வைக்கப்பட்டதன் கருத்தை நினைக.

பார்த்திருத்தல் இக்கரைக்குப் புதியதன்று. முத்துக்குளிப்பிற்கு முன் ஆட்சியாளர் பார்களை ஆய்ந்து, மாதிரிக்குச் சிப்பி எடுத்து, முத்தின் மதிப்பறிந்த பின்னரே குளிப்பிற்கு நாள் குறிப்பர். ஊதியத்தின்பொருட்டு நம் முன்னோர் அவ்வளவு விழிப்பாயிருந்தனர். இழப்பின்பொருட்டு நாம் அதிற் பாதியேனும் விழித்திருத்தல் கூடாதோ? அவ்வளவு விழித்திருந்தும், 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த குளிப்புக்களின்பின் பெருங்குளிப்பு நிகழ்ந்திலது. காத்தல் நங்கடன், மீண்டு வருதல் நம் ஆணைக்கு அடங்கியதன்று. வாராதொழியினும் காத்தலைக் கைவிடாமையே கடனாற்றுதலின் முடிபாம்.