கையும் விலையும்

தமிழில் 'நூல்' என்னும் சொல் பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையையும் குறிக்கும். புலவன் இயற்றும் ஏட்டையும் குறிக்கும். 'பனுவல்' என்பதற்கும் அவ்வாறே இரு பொருள் உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பவணந்தி முனிவர் தம் நன்னூலில் இவ்வொற்றுமையை விளக்கும்போது, சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்கிறார். தொழில்கள் எத்தனையோ இருக்க, கல்விக்கு இலக்கணம் கூறவந்த ஆசிரியர் நூற்கும் பெண்ணை உவமையாகத் தேர்ந்தது எண்ணத்தக்கது.

ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை எவ்வாறு இருந்தது? துணையற்ற மகளிர் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலைப் பற்றி நற்றிணையில் ஒரு குறிப்பு வருகிறது. இரவில் சிறு விளக்கொளியில் பருத்தி வேலை செய்யும் பெண்ணொருத்தியைப் புறநானூறு காட்டுகிறது. உவமையில் அவள் புலவனுக்கு நிகரானவள். வாழ்க்கையிலோ வயிற்றுப்பாட்டுக்காகக் கண்விழித்தவள். கைவேலையைப் பற்றி நம் உள்ளத்தில் இன்றளவும் நிலவும் முரண்பாடு அத்துணைப் பழமையானது. அதனை இங்குச் சற்று ஆராய்வோம்.

கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் பொருளை, வீட்டில் பல நாள் பாடுபட்டுச் செய்வது தகுமா? சான்பாடாவில் வாழும் நம்மைப் போன்றோரிடம் இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு. வாஷியின் பெருங்கடைகள் எட்டும் தொலைவில் உள்ளன. துர்பேயின் மொத்தச் சந்தையில் கிடைக்காத மளிகை இல்லை. கம்பளி தேவைப்படும் குளிர் மும்பைக் கடற்கரையில் அடிப்பதே இல்லை. அப்படியிருந்தும், டெல்லியிலோ கனடாவிலோ இருக்கும் பேரக் குழந்தைக்காக ஊசியும் கம்பளி நூலுமாய் அமர்ந்து தொப்பி பின்னும் பாட்டிமார் நம் குடியிருப்புகளில் இருக்கின்றனர். குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கட்டையும் வெயிட்டையும் நீக்கிவிட்டு, முட்டையில்லாத கேக்கைப் பக்குவமாக எடுக்கும் மாமிகளும் உள்ளனர். பழைய சேலையைக் கிழித்துத் தலையணை உறையாக்கும் தையல் இயந்திரங்களின் ஓசையும் முற்றிலும் அடங்கிவிடவில்லை.

பொருளாதாரம் அறிந்தோர் இதனை வீண் வேலை என்பர். அந்தத் தொப்பிக்கு ஆகும் கம்பளி நூலின் விலையிலேயே ஆயத்தத் தொப்பி ஒன்றை வாங்கிவிடலாம். பின்னுவதற்கு ஆன நேரத்துக்கும் விலை உண்டு என்பது அவர்கள் கணக்கு. கணக்கு பிழையற்றதுதான். ஆயினும் அது எல்லாவற்றையும் அளக்கும் கோலன்று. வானொலியில் நல்ல சங்கீதம் கேட்கிறது என்பதற்காகத் தாலாட்டுப் பாடுவதை எந்தத் தாயும் நிறுத்தியதில்லை. மேலும், நாள் முழுதும் கோப்புகளைப் புரட்டும் அலுவலக எழுத்தன் ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். அவன் மேசையில் எதுவும் முடிவதில்லை. ஒன்று போனால் மற்றொன்று வரும். 'இது நான் செய்தது' என்று கையில் எடுத்துக் காட்ட அவனிடம் ஒன்றுமில்லை. பின்னிய தொப்பிக்கோ தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. செய்து முடித்தோம் என்னும் நிறைவு மனிதனுக்கு வேண்டிய ஒன்று. அதனைக் கடையில் வாங்க இயலாது.

இவ்வளவோடு நின்றுவிட்டால் இது மனநிறைவைப் பற்றிய பேச்சாகவே முடியும். கைவேலையில் அறம் என்று ஒன்று உண்டா என்பதே நம் வினா. இந்த வினாவை இந்திய நாடு முழுவதும் கேட்கும்படி எழுப்பியவர் காந்தியடிகள். அவர் 1917 முதல் 1934 வரை மும்பை வந்தபோதெல்லாம் தங்கிய மணிபவன் காம்தேவியில் இன்றும் நினைவகமாக நிற்கிறது. கங்காபென் என்னும் அம்மையார் பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் ராட்டையைத் தேடிக் கண்டுபிடித்த கதையையும், தாம் நோயுற்றிருந்த அறையில் அதன் ஓசை இனிமையாக ஒலித்ததையும் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரசுக்கு அவரே தலைமை வகித்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் 2,000 கெஜம் நூல் செலுத்த வேண்டும் என்று அங்கு முடிவாயிற்று. ஆனால் அத்தீர்மானத்தில் ஒரு விலக்கு இருந்தது. உடல்நலக் குறைவு, விருப்பமின்மை முதலிய காரணங்களால் தாமே நூற்க இயலாதவர், வேறொருவர் நூற்ற நூலை அதே அளவு கொடுக்கலாம். அடுத்த ஆண்டே, நூலுக்கு மாற்றாக நான்கணா சந்தா செலுத்தினாலும் போதும் என்று விதி தளர்ந்தது.

இந்த விலக்கை நாம் உற்று நோக்க வேண்டும். தேவைப்பட்டது நூல் மட்டுமே என்றால், யார் நூற்றால் என்ன? தேவைப்பட்டது நூற்கும் கையின் பயிற்சி என்றால், பிறர் நூற்றதை வாங்கிக் கொடுப்பது எவ்வாறு பொருந்தும்? விரதத்தைக் கூலிக்கு ஆள்வைத்து இருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு ஏது? அறத்தைச் சட்டமாக்கும்போது இவ்வித இக்கட்டு நேர்ந்தே தீரும். கட்டாயம் வந்தவுடன் கணக்கு வரும். கணக்கு வந்தவுடன் கணக்கை நிரப்பும் வழியும் வந்துவிடும்.

கவியரசர் தாகூர் 1925 செப்டம்பரில் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் ராட்டை வழிபாட்டைக் கண்டித்து எழுதினார். எல்லோரும் ஒரே செயலை ஒரே விதமாய்த் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் மரத்துப்போகும் என்பது அவர் அச்சம். ஏழையின் பசிக்குத் தொழில் வேண்டும், அவனுடைய உழைப்போடு படித்தவனும் தன் கையை இணைக்க வேண்டும் என்பது காந்தியடிகளின் கொள்கை. இருவரில் எவர் சரி என்று தீர்ப்புக் கூறுவது எளிதன்று. ஒரே ராட்டை ஒருவன் மனத்தை அமைதிப்படுத்தும், மற்றொருவனை மரக்கட்டையாக்கும். வேறுபாடு ராட்டையில் இல்லை; அதன்முன் அவன் எவ்வாறு அமர்ந்தான், தானே வந்து அமர்ந்தானா, பிறர் அமர்த்தினரா என்பதில் இருக்கிறது.

இனி, கைவேலையின் மூன்றாவது முகத்தைக் காண்போம். அன்புக்காகப் பின்னுவது ஒன்று; தவமாக நூற்பது ஒன்று; கூலிக்காகத் தைப்பது ஒன்று. இதில் மூன்றாவதே உலகில் மிகுதி. ஆனால் அதற்கே மதிப்புக் குறைவு.

1820-களில் நாகர்கோவிலில் மிஷன் ஊழியர் சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவியார் மார்த்தா அம்மையார், பள்ளிச் சிறுமியருக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். இங்கிலாந்தில் சீமாட்டிகளின் பொழுதுபோக்காகவும் விளங்கிய அவ்வேலை, நாகர்கோவிலில் பெண் கல்விக்குப் பொருள் தந்தது. அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் அவ்வருவாயைக் கொண்டு தம் விடுதலைக்கான விலையைச் செலுத்தினர் என்றும் மிஷன் வரலாறு கூறுகிறது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்தால் நீங்கியது 1855-இல்தான் என்பதை நினைவில் கொண்டால், அந்த ஊசி முனையின் வலிமை விளங்கும். அப்பெண்களிடம் போய், 'கூலிக்காகச் செய்தாய், ஆகவே உன் வேலை தாழ்ந்தது' என்று எவரால் சொல்ல முடியும்?

நம் மும்பையிலும் ஒரு சான்று உண்டு. 1959 மார்ச் 15 அன்று கிர்காவில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று, ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் அப்பள நிறுவனமாக வளர்ந்தது. பிசைந்த மாவை உறுப்பினர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, இட்டு உலர்த்திக் கொண்டுவந்து தருகின்றனர். உழைக்கும் பெண்களே உடைமையாளரும் ஆவர். அடுப்படியில் விலையில்லாதிருந்த திறமைக்கு அங்கே விலை கிடைத்தது. விலை கிடைத்ததால் அப்பளத்தின் சுவை குறையவும் இல்லை, செய்தவரின் மானம் குறையவும் இல்லை.

எனவே, கூலி வந்தால் கைவேலையின் தூய்மை கெடும் என்பது ஆராயாதார் கூற்று. கெடுப்பது கூலியன்று, குறைந்த கூலி. தாராவியின் குறுகிய அறைகளில் தையல் இயந்திரத்தின் முன் முதுகு வளைந்து அமர்ந்திருப்போர் எத்தனை பேர்! சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தருவதும், ரவிக்கைக்குக் கொக்கி கட்டுவதும், சட்டைக்குக் காஜா எடுப்பதும் நம் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பலருக்கு மாதச் செலவை ஈடுகட்டும் தொழில்கள். நம் வீட்டுப் பெரியவர் பின்னிய தொப்பியை விலைமதிப்பற்றது என்கிறோம். ஃபால்ஸ் வைத்துத் தரும் பெண்ணிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். இரண்டும் ஊசி வேலைதான். இரண்டிலும் கண் நோகும், விரல் நோகும். ஒன்றைப் போற்றி மற்றொன்றைக் குறைக்கும் உரிமையை நமக்கு எவர் கொடுத்தார்?

மற்றொரு தடையும் உண்டு. அதனை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. 'வீட்டில் செய்தது' என்னும் புகழ்மொழி, பெண்களின் கழுத்தில் இடப்படும் பூமாலை போலத் தோன்றினும், பல சமயம் விலங்காகிவிடுகிறது. அவளும் காலையில் ஹார்பர் ரயிலில் நெரிசலில் நின்று அலுவலகம் செல்கிறாள். பெண்கள் பெட்டியில் அமர்ந்தபடி கீரை ஆய்ந்தும், குரோஷா பின்னியும் அந்தப் பயண நேரத்தையும் வேலையாக்கிக் கொள்ளும் பெண்களை நாம் அறிவோம். தீபாவளி வந்தால் முறுக்கும் மைசூர்பாகும் கடையில் வாங்கலாகாது, அவள் கையால் செய்ததாகவே இருக்க வேண்டும் என்று நாற்காலியில் சாய்ந்தபடி சொல்வது எளிது. அவ்வாறு சொல்பவர் ஒருநாளேனும் முறுக்கு உரலைப் பிழிந்து பார்த்ததுண்டா? பிறர் கையைக் கொண்டு நாம் செய்யும் தவம், முன்னர்க் கண்ட பெல்காம் விலக்கைப் போன்றதே. நூல் வந்து சேரும். நூற்றதன் பயன் வந்து சேராது.

இந்த இடத்தில்தான் நம் வினாவுக்கு விடை தென்படுகிறது என்று கருதுகிறேன். கைவேலையின் அறம் சிக்கனத்தில் இல்லை. சிக்கனம் எப்போதும் வாய்ப்பதில்லை. பழமையைக் காப்பதிலும் முழுமையாக இல்லை. கேக்கும் ஸ்வெட்டரும் நம் பழமையுமல்ல. தானே ஒன்றைச் செய்து பார்த்தவன் அப்பொருளின் உள்ளே கிடக்கும் உழைப்பை அறிகிறான் என்பதில்தான் அந்த அறம் இருக்கிறது. தக்ளியைச் சுழற்றி, இழை அறுந்து அறுந்து, ஒரு முழம் நூல் எடுப்பதற்குள் பொறுமை இழந்த சிறுவன், தன் சட்டையை முன்போல் பார்க்க மாட்டான். ஒரு காஜா எடுக்க எத்தனை தையல் தேவை என்று எண்ணிப் பார்த்தவன், தையற்காரரிடம் கூலியைக் குறைக்கச் சொல்ல நா கூசுவான். மாவைப் பிசைந்து, ஈஸ்ட் பொங்கக் காத்திருந்து, ஒரு ரொட்டி சுட்டெடுத்தவனுக்கு, விடியலுக்கு முன்பே பாவ் சுட்டு அடுக்கும் பேக்கரித் தொழிலாளியின் இரவு எவ்வளவு நீண்டது என்று தெரியும்.

ஆகவே ஒருவருடைய கைவேலை அறமா, வெறும் பொழுதுபோக்கா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அது பிறர் கையின்பால் அவரை நேர்மையாளர் ஆக்கியதா என்று பார்க்க வேண்டும். ஆக்கியதெனில் ஒரே ஒரு கைக்குட்டையை ஓரமடித்ததும் போதும். ஆக்கவில்லையெனில் நூறு ஸ்வெட்டர் பின்னினும் அது விரலுக்குப் பயிற்சியே அன்றி உள்ளத்துக்கு அன்று.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட நூலைக் கையில் கொடுக்கிறோம்; அது நம் கடமை. அதனோடு ஊசியில் கோக்கும் நூலையும் கொடுப்போம். மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும் கொடுப்போம். அறுந்த பொத்தானைத் தானே தைத்துக்கொள்ளவும், தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கேனும் தானே பிழியவும் அவன் கற்கட்டும். ரவிக்கை தைத்துத் தரும் அண்டை வீட்டு அக்காளுக்கு, அவர் கேட்ட கூலியைக் குறைக்காமல் அவன் கையாலேயே கொடுத்தனுப்புவோம்.