ஐயமும் தவக்குலும்

இதயக் குழாய் அடைப்பை நீக்கி ‘ஸ்டென்ட்’ வைத்துக்கொண்டு ஊர் திரும்பிய சகோதரர்களை இன்று அரூரில் பல வீடுகளில் காண்கிறோம். சிகிச்சை முடிந்தது, கவலை முடியவில்லை. தொழுகையில் நிற்கும்போதே சிலருக்குக் கை நாடியைத் தேடுகிறது. தொந்தரவு ஏதுமில்லாமலேயே, மாதம் தவறாமல் சேலத்திற்குப் பஸ் ஏறி, கடன் வாங்கியேனும் ஈசிஜி, எக்கோ எடுத்துப் பார்த்தால்தான் உறக்கம் வருகிறது. வேறு சிலரோ, ‘அல்லாஹ் இருக்கிறான்’ என்று மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இவர்களில் தவக்குல் உடையவர் யார்?

மாத்திரையை நிறுத்தியவருக்கு விடை எளிது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததை நம் சிறுவர்களும் அறிவர். ஸ்டென்ட் உடலுக்கு அந்நியமான உலோகம். அதில் இரத்தம் உறையாமல் காப்பவை ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மாத்திரைகள். டாக்டரைக் கேளாமல் அவற்றை விடுவது, கட்டிய கயிற்றை நாமே அவிழ்ப்பதாகும்.

மற்றவர் நிலைதான் ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஒளு முறிந்ததோ என்ற வஸ்வாஸில் திரும்பத் திரும்ப ஒளுச் செய்பவருக்கு மார்க்கம் தந்த தீர்ப்பு என்ன? உறுதியாக இருந்தது வெறும் ஐயத்தால் நீங்கிவிடாது. அடையாளம் தெரிந்தாலன்றித் தொழுகையை விட்டு விலக வேண்டியதில்லை.

மருத்துவ உலகமும் ஏறத்தாழ இவ்விடத்திற்கே வந்திருக்கிறது. அடைபட்ட இதயக் குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சையை 1977இல் சூரிச் நகரில் முதன்முதலாகச் செய்தவர் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக். 2022இல் தென்கொரிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இச்சிகிச்சை பெற்றவர்களில் ஆபத்து மிகுந்த 1,706 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஓராண்டு முடிவில், தொந்தரவு இல்லாவிடினும் இதயச் சோதனை நடத்தினர். மறுபிரிவினரை வழக்கம்போல் கவனித்தனர். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, மரணத்திலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை.

இதனால் டாக்டரிடமே போக வேண்டாம் என்று எவரும் பொருள் கொள்ளலாகாது. அவர் குறித்த தேதியில் செல்வதும், இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்ப்பதும், பீடியை விடுவதும் கயிற்றைக் கட்டும் வேலைதான். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை வந்தாலோ, அது ஐயமன்று, அடையாளம். வாயுத் தொல்லை என்று பெருங்காயம் கரைத்துக் குடித்துக் காத்திராமல் 108ஐ அழைக்க வேண்டும். நம் வீடுகளில் இந்தப் பெருங்காயம் படுத்தும் பாடு கொஞ்சமல்ல!

கவலைப்படுவதே ஈமானின் குறை என்று சிலர் நோயாளியைக் கடிந்துகொள்கிறார்கள். கவலையை விட்டும் துக்கத்தை விட்டும் பாதுகாவல் தேடியவர்கள் நம் நபிகளார் (ஸல்) அவர்கள். அப்படியிருக்க, உறக்கம் கெட்ட மனிதரைக் குற்றவாளியாக்குவது எவ்விதம் நியாயம்? அந்த உறக்கமின்மையையும் அவர் டாக்டரிடம் சொல்லட்டும், அதற்கும் மருந்துண்டு.

ரமலானில் நோன்பு நோற்க விரும்புவோர், எந்த மாத்திரையை ஸஹரில் உண்பது, எதை நோன்பு திறந்தபின் உண்பது, நோன்பே நோற்கலாமா என்பதையெல்லாம் ஷஃபான் மாதத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.