கோவிலில் யாருக்கு இடம்?



நமது கோவில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லுகிறோம். அது பொய்யல்ல. பூசை வேளையில் வாசலில் நின்று யாரையும் ஒருவரும் தடுப்பதில்லை. அர்ச். அந்தோனியார் பேரால் ஏழைகளுக்கு அப்பம் கொடுக்கிறோம். தபசு காலத்தில் ஒறுத்தல் முயற்சி செய்து காணிக்கை சேர்க்கிறோம். இவ்வளவும் செய்கிற நாம் அந்நியரையும் எளியவரையும் ஏற்றுக்கொள்ளுகிறவர்கள்தானா என்று ஒருவர் கேட்டால், "அதிலென்ன சந்தேகம்?" என்போம். ஆனால் சந்தேகத்துக்கு இடமுண்டு. தருமம் கொடுப்பது ஒன்று, இடம் கொடுப்பது வேறொன்று. முதலாவதைச் செய்துகொண்டே இரண்டாவதை மறுக்க மனிதனால் முடியும்.

நம் தமிழ்நாட்டுத் திருச்சபையின் சரித்திரத்திலேயே இதற்கு அத்தாட்சி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஓர் ஊர். திருவிதாங்கூர் அரசாங்க உத்தியோகஸ்தரான நீலகண்ட பிள்ளை 1745-ம் ஆண்டில் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பேதமின்றி மனிதர் யாவரும் சமம் என்று போதித்தார். அதனால் மேலோரின் பகைக்கு ஆளாகி, சிறைப்பட்டு, 1752-ம் ஆண்டில் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்கு அர்ச்சியசிஷ்டர் பட்டம் அளித்தபோது, "பிள்ளை" என்ற சாதிப் பெயர் விடப்பட்டது.

அந்த வேதசாட்சி ஞானஸ்நானம் பெற்ற ஊரிலேயே, 1872-ல் எழும்பிய கோவில் எப்படி இருந்தது தெரியுமா? கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல் இரண்டு மண்டபங்களாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் வேளாளர், மறு பக்கம் நாடார் முதலானோர். பீடம் மட்டும் பொது. இரு சாராரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910-ல் கௌசானல் சுவாமியார் நடுத்தடுப்பை இடித்துப் போட்டார். உடனே வழக்கு எழுந்தது. சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும், வழக்காடினவர்கள் கேட்ட தனி உரிமை கிடைக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தடுப்பை நியாயம் என்று எண்ணியவர்கள் யாரையும் "கோவிலுக்கு வராதே" என்று சொல்லவில்லை. "வா, ஆனால் உன் பக்கத்தில் இரு" என்றுதான் சொன்னார்கள். ஒரே விசுவாசம், ஒரே பீடம், ஒரே நற்கருணை என்று ஒப்புக்கொண்டார்கள். அடுத்தவன் தன் தோளருகே முழங்காலிடுவதை மாத்திரம் பொறுக்கவில்லை.

இது பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2008 மார்ச்சில், எறையூரில், தாழ்த்தப்பட்ட கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதை ஒட்டிக் கலகம் மூண்டு, போலீசார் சுட்டதில் இரண்டு பேர் மாண்டார்கள். கூடவே இருக்க மரியாதையான இடம் கிடைத்திருந்தால் தனிப் பங்கு எதற்குக் கேட்கப் போகிறார்கள்? 2016-ல் இந்திய மேற்றிராணிமார் தலித் மக்களைக் குறித்துக் கொள்கை அறிக்கை ஒன்று வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே சாதி வேற்றுமை இருக்கிறதென்று ஒப்புக்கொண்டார்கள்.

இனி நம் பேரணாம்பட்டுக்கு வருவோம். இங்கே செங்கல் சுவர் இல்லாமலிருக்கலாம். ஆனால் தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புத் தொட்டியருகே வேலை செய்து, கைகளில் வாடை போகாத ஒருவன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தால், பக்கத்திலிருப்பவர் சற்று நகர்ந்துகொள்ளுகிறாரா இல்லையா? ஷூ கம்பெனி வேலைக்காக வடநாட்டிலிருந்து வந்த பையன் பூசை முடிந்ததும் தூணருகே தனியே நிற்கிறான். அவன் பேரைக் கேட்டவர் எத்தனை பேர்? கணவனால் கைவிடப்பட்டுப் பீடி சுற்றிப் பிழைக்கிற பெண்ணுக்கு அரிசி கொடுக்கிறோம். நம் வீட்டுக் கலியாணத்தில் அவளுக்கு இலை போடுகிறோமா? ரம்சான் மாதத்தில் நோன்புக் கஞ்சி வாங்க வரும் நம் பிள்ளைகளிடம் முகமதியச் சகோதரர்கள் "நீ என்ன மதம்?" என்று கேட்கிறதில்லை. தொழுகையில் முதலாளியும் கூலிக்காரனும் ஒரே வரிசையில் தோளோடு தோள் நிற்கிறார்கள். இதைப் பார்த்து நாம் வெட்கப்பட வேண்டாம்; கற்றுக்கொண்டால் போதும்.

"சுவாமி, உதவிக்காகத்தானே அவர்கள் வருகிறார்கள்? உதவி நின்றால் வருவார்களா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அரிசிக் கிறிஸ்தவன் என்ற பரிகாசம் நம் முன்னோரும் கேட்டதுதான். ஆனால் வனாந்தரத்தில் அப்பம் தின்ற ஐயாயிரம் பேரும் என்ன நோக்கத்தோடு தம்மைத் தேடினார்கள் என்று சேசுநாதருக்குத் தெரியாதா? மறுநாள் அதை அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். ஆனாலும் முந்தின நாளே பசியாற்றிவிட்டுத்தான் சொன்னார். நோக்கத்தைச் சோதித்த பின்பே சோறு போடுவது என்று அவர் வைத்துக்கொள்ளவில்லை. நாமோ ஞானஸ்நானத்துக்கு நம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவர்களுடைய நோக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை.

தருமத்தைவிட இடம் கொடுப்பது ஏன் கடினம்? கொடுக்கிறவன் கை மேலே, வாங்குகிறவன் கை கீழே. எவ்வளவு கொடுத்தாலும் கொடுத்தவனுடைய மேன்மை குறைவதில்லை. சில சமயம் கூடவும் செய்யும். இடம் கொடுக்கிறவனோ தானே நகர வேண்டியிருக்கிறது. வந்தவன் நாளைக்குப் பாடற் குழுவில் பாடுவான், பங்குப் பேரவையில் பேசுவான், திருநாளில் தேர் வடத்தைப் பிடிப்பான், நம் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாகவும் நிற்பான். அங்கேதான் நம் மனது தயங்குகிறது. அர்ச். இயாகப்பர் தம் நிருபத்தில் கண்டித்தது இதைத்தான். பொன் மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனமும் கந்தை கட்டினவனுக்குத் தரையும் காட்டினவர்களும் அவனை வெளியே தள்ளவில்லை. உள்ளே விட்டுத்தான் அவமானப்படுத்தினார்கள்.

ஆகையால் வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். பெஞ்சின் ஓரத்தை முதலில் பிடித்துக்கொள்ளாமல், பின்னால் வருகிறவன் நம்மைத் தாண்டாமல் உட்காரும்படி உள்ளே நகர்ந்து உட்காருங்கள். பூசை முடிந்து வெளியே வரும்போது, நீங்கள் அறியாத ஒருவருடைய பெயரையும் ஊரையும் கேளுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுங்கள். நடுத்தீர்வை நாளில் சேசுநாதர், "அந்நியனாயிருந்தேனே, என்னைச் சேர்த்துக்கொண்டாயா?" என்ற பொருளில் நம்மைக் கேட்பார். "உமக்கு அரிசி கொடுத்தேனே, ஆண்டவரே" என்பது அந்தக் கேள்விக்கு மறுமொழி ஆகாது.

உங்கள் பங்குச் சுவாமியார்