தொழிற்களத்தில் ஊக்கமும் உணர்ச்சியும்

மனிதன் எதனால் உழைக்கிறான் என்னும் வினா உளவியலுக்கும் பொருளியலுக்கும் உரியது. பிறனொருவனின் உழைப்பைப் பெறும்பொருட்டு அவனுடைய உணர்ச்சிகளைத் தொட்டு இயக்குவதற்கு ஒருவனுக்குள்ள உரிமை யாது என்னும் வினாவோ அறவியலுக்கு உரியது. முன்னைய வினாவுக்கு இருபதாம் நூற்றாண்டு பல விடைகளைத் தந்துள்ளது. அவ்விடைகளைப் பயின்று பட்டம் பெறுவோர் நிருவாகிகளாகவும் அதிகாரிகளாகவும் அமர்கின்றனர். பின்னைய வினா பெரும்பாலும் கேட்கப்படாமலே விடப்படுகிறது.

தமிழ்மொழியின் சொல்லமைப்பே இவ்வேறுபாட்டைக் காட்டிநிற்பது நோக்கத்தக்கது. வள்ளுவர் ‘ஊக்கமுடைமை’ என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அங்கே ஊக்கம் என்பது ஒருவன் தன்னிடத்தே கொண்டுள்ள உடைமை. இக்கால முகாமைத்துவ நூல்கள் பேசுவது ‘ஊக்குவித்தல்’ பற்றியாகும். இது பிறவினை, ஒருவர் செய்ய, மற்றவர் செய்யப்படுபவராகிறார். உடைமையாக இருந்த ஒன்று செய்யப்படும் ஒன்றாக மாறும்பொழுது, அவ்வுடைமைக்கு உரியவன் யார் என்ற கேள்வி எழாதிருக்க முடியாது.

இக்கேள்வியை ஆராய்வதற்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதி பொருத்தமானதொரு களமாகும். சில மைல் தூரத்துக்குள்ளே ஒன்றோடொன்று ஒவ்வாத தொழில்முறைகள் அங்கு அடுத்தடுத்து அமைந்துள்ளன. பிரித்தானியக் கடற்படை விட்டுச்சென்ற டொக்யாட் ஒருபுறம். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகளும், 1980ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மாவு ஆலையும் இன்னொருபுறம். கரையோரம் நெடுகக் கரைவலை. வடக்கே உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாச விடுதிகள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் இம்மாவட்டத்தில் வாழ்கின்றனர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இவர்களுள் எவ்வினமும் தனித்துப் பெரும்பான்மையாக இல்லை.

1911ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் பிரடெரிக் ரெயிலர் விஞ்ஞானமுறை முகாமைத்துவத்தை வகுத்துரைத்தார். வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், ஒவ்வொரு கூறுக்கும் உரிய நேரத்தை அளத்தல், அளவுக்கேற்பக் கூலி கொடுத்தல் என்பன அவர் காட்டிய வழிகள். இங்கு உழைப்பாளி கூலியால் நகரும் ஒருவன். அவனுடைய உணர்ச்சி கணக்கிற் சேர்வதில்லை. 1924 முதல் 1932 வரை சிக்காகோ நகரை அண்டிய ஹோதோர்ண் தொழிற்சாலையில் நிகழ்ந்த ஆய்வுகள் இக்கருத்தை அசைத்தன. வெளிச்சத்தைக் கூட்டியபோது மட்டுமன்றிக் குறைத்தபோதும் உற்பத்தி உயர்ந்த சந்தர்ப்பங்கள் இருந்தன. அங்கு 20,000க்கும் மேற்பட்ட தொழிலாளர் நேர்காணப்பட்டனர். தொழிலாளி குழுவோடு ஒட்டி வாழ்பவன், வீட்டுக் கவலையையும் வேலைத்தலத்துக்குக் கொண்டுவருபவன் என்பதை எல்டன் மேயோ முதலியோர் எடுத்துக்காட்டினர்.

ஹோதோர்ண் ஆய்வு உணர்ச்சிக்குத் தொழிற்சாலையில் இடம் தேடித்தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்விடம் எத்தகையது? முறைப்பாட்டைச் செவிமடுப்பதனாலேயே தொழிலாளியின் மனம் ஆறுகிறது என்று கண்டவர்கள், மனம் ஆறினாற் போதும் என்ற முடிவுக்கும் எளிதில் வரக்கூடும். முறைப்பாட்டைக் கேட்பது வேறு. முறைப்பாட்டின் காரணத்தை நீக்குவது வேறு. முன்னையது பின்னையதற்குப் பதிலாக வைக்கப்படும்போது பரிவு ஓர் உபாயமாகிவிடுகிறது.

1943இல் ஏபிரகாம் மாஸ்லோ மனிதத் தேவைகளை ஐந்து படிகளாக வகுத்தார். உடற்றேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, தன்னிறைவாக்கம் என அவை மேனோக்கிச் செல்லும். 1959இல் பிரடெரிக் ஹேர்ஸ்பேர்க்கும் அவருடைய துணைவரும், பிற்ஸ்பேர்க் நகரின் பொறியியலாளர், கணக்காளர் ஏறத்தாழ 200 பேரின் அனுபவங்களை ஆராய்ந்து, அதிருப்தியை நீக்கும் காரணிகளும் திருப்தியைத் தரும் காரணிகளும் வெவ்வேறானவை என்றனர். சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் முதல்வகை. சாதனையும் பொறுப்பும் வேலையின் இயல்பும் இரண்டாம்வகை.

இவ்வகுப்புகளைத் திருகோணமலையின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கலாம். மாஸ்லோவின் கட்டுரை வெளிவருவதற்கு முந்திய ஆண்டில், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. குண்டு விழும் இடத்தில் பாதுகாப்பு ஏனைய தேவைகளை முந்துமென எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் அத்தகைய வேளைகளில் ஓடுவோரும் உளர்; நின்று பணிசெய்வோரும் உளர். நிற்பவரின் செயலைத் தேவைப்படிகளின் ஒழுங்கு மட்டும் விளக்காது. அவ்வொழுங்கு மாற்றத்துக்கு இடந்தராத ஒன்றன்று என்று மாஸ்லோவே ஒப்புக்கொண்டிருந்தார். 1957இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். சுதந்திர நாடொன்றின் பெருமிதத்துக்கு உரிய நிகழ்ச்சி அது. அதே நிகழ்ச்சி, அத்தளத்தின் கூலியை நம்பியிருந்த குடும்பத்துக்கு நாளை என்ன என்ற கவலையைத் தரவல்லது. ஒரே உள்ளத்தில் பெருமிதமும் கவலையும் ஒருங்கே குடிபுகும்போது எது மேற்படி, எது கீழ்ப்படி என்று பிரிப்பது எளிதன்று.

கரைவலைத் தொழில் இக்கோட்பாடுகளை வேறொரு வகையிற் சோதிக்கிறது. தோணியிற் சென்று கடலில் வளைத்துவிடப்பட்ட வலையின் இரு கயிறுகளையும் கரையில் நிற்கும் இரு அணியினர் இழுக்கின்றனர். மடியில் மீன் இருக்கிறதா இல்லையா என்பது வலை கரைசேரும்வரை தெளிவாகத் தெரியாது. முயற்சி பயன்தரும் என்ற எதிர்பார்ப்பே ஊக்கத்தின் அடிப்படை என்பது 1964இல் விக்டர் வ்ரூம் கூறிய கொள்கை. பலநாள் வெறுமடி கண்டவன் அடுத்தநாளும் கயிற்றைப் பிடிப்பதை இக்கொள்கை ஓரளவே விளக்கும். அக்காலப்பகுதியிலேயே ஸ்ரேசி அடம்ஸ் முன்வைத்த நியாயக் கோட்பாடு இங்குக் கூடுதலாகப் பொருந்துகிறது. ஒருவன் தனது உழைப்பையும் பேற்றையும் பிறனுடைய உழைப்போடும் பேற்றோடும் ஒப்பிட்டே திருப்தியோ மனக்குறையோ கொள்கிறான் என்பது அக்கோட்பாடு. பங்குமுறையில் மீன் எல்லார் கண்முன்னும் கரையில் கிடக்கிறது. பங்கு குறைந்தாலும் அது ஏன் குறைந்தது என்பது யாவருக்கும் தெரியும்.

வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலும் ஈண்டுக் கருதத்தக்கது. அப்பாட்டு பல கைகளை ஒரே கணத்தில் ஒன்றிணைக்கிறது, களைப்பை ஆற்றுகிறது, சிலவேளை சம்மாட்டியைக் கேலிசெய்யவும் இடமளிக்கிறது. தொழிலின் தேவையிலிருந்து தொழில்புரிவோரே தோற்றுவித்த உணர்ச்சி அது. எவரும் அதை மேலிருந்து விதிக்கவில்லை. இலங்கைக் கரைகள் சிலவற்றில் உழவு இயந்திரத்தைக் கொண்டு வலை இழுக்கும் முறை புகுந்த பின்னர், அங்கே கைகளோடு பாட்டுக்கும் வேலையில்லாமற் போயிற்று.

இதனைக் கொண்டு கரைவலையைப் பொற்காலத் தொழிலாகப் புனைந்துரைத்தல் தவறாகும். முற்பணம் வாங்கிய தொழிலாளி அது தீரும்வரை ஒரே சம்மாட்டியிடம் கட்டுண்டு கிடக்கும் நிலை கடற்றொழிலுக்குப் புதிதன்று. அவன் அடுத்தநாளும் வருவதற்குக் கடன் ஒரு காரணமாயின், அவ்வருகையை ஊக்கம் என்று அழைப்பது சொல்லுக்கும் அவனுக்கும் இழைக்கும் அநீதியாகும்.

உணர்ச்சி என்பதுதான் யாது? 1884இல் வில்லியம் ஜேம்ஸ், உடலின் மாற்றத்தை உணர்வதே உணர்ச்சி என்றார். மறுவருடம் கார்ல் லாங்கே அதனையொத்த கருத்தை வெளியிட்டார். 1927இல் வோல்ரர் கனன் அதை மறுத்து, வெவ்வேறு உணர்ச்சிகளில் ஒரேவகை உடல் மாற்றமே நிகழ்வதைச் சுட்டினார். 1960இல் மக்டா ஆர்னோல்ட், உணர்ச்சிக்கு முன்னே ஒரு மதிப்பீடு நிகழ்கிறது என்றார். தனக்கு நேர்வது நன்றா தீதா என்ற தீர்ப்பு உணர்ச்சியினுள் அடங்கியிருக்கிறது என்பது அவர் கருத்து.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இலக்கியத்தின்பொருட்டு எழுந்ததாயினும் இவ்விடத்தில் துணைபுரிகிறது. அது எண்வகை மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் காட்டுகிறது. வெகுளிக்கு உறுப்பைச் சிதைத்தலும் குடியை நலிதலும் அலைத்தலும் கொல்லுதலும் களன்கள். அச்சத்தின் களன்களுள் ஒருவன் தன் தலைவனுக்கு அஞ்சுதலும் ஒன்று. பெருமிதத்துக்குக் கல்வியும் அஞ்சாமையும் புகழும் கொடையும் களன்களாகின்றன. உணர்ச்சி வெறுமனே தோன்றுவதன்று, அதற்கொரு களன் உண்டு என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

அவ்வாறாயின் தொழிற்களத்தில் எழும் வெகுளி ஒரு சாட்சியம். களனை ஆராயாமல் வெகுளியை மட்டும் தணிக்க முயல்பவர், சாட்சியை விசாரியாமல் அவர் வாயை மூடுபவரை ஒப்பர். இத்துறைமுக மாவட்டத்தில் இது மேலும் கூர்மை பெறுகிறது. போர்க்காலத்தை வாழ்ந்து கடந்த மூவினத்தார் ஒரே ஆலையில் அருகருகே வேலைசெய்யும்போது, ஒருவருடைய அச்சத்தின் களன் ஆலைக்கு வெளியே, பல ஆண்டுகளுக்கு முன்னே இருக்கக்கூடும். அதனை ‘மனப்பாங்குக் குறைபாடு’ என்று பதிவேட்டில் எழுதிவிடுவது எளிது. எளிதாயிருப்பதனால் அது உண்மையாகிவிடாது.

1983இல் ஆர்லி ஹொக்சைல்ட் விமானப் பணிப்பெண்களின் தொழிலை ஆராய்ந்து, ‘உணர்ச்சி உழைப்பு’ என்னும் கருத்தை விளக்கினார். இங்கு உடலுழைப்போடு புன்னகையும் விற்கப்படுகிறது. உல்லாச விடுதித் தொழிலும் இத்தகையதே. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையைச் சிதைத்தது. அக்கரையில் உறவினரை இழந்த ஒருவர், பின்னர் அதே கடலின் அழகை விருந்தினருக்கு முகமலர்ச்சியோடு காட்டவேண்டிய பணியில் அமர்வதாகக் கருதிப் பார்க்கலாம். அவருடைய சம்பளப் பட்டியலில் அம்முகமலர்ச்சிக்கு விலை குறிக்கப்படுவதில்லை. ஆயினும் முகம் வாடினால் வேலை போகக்கூடும்.

மனிதனை ஒருபோதும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785இல் இமானுவேல் கான்ற் வகுத்த நெறி இவ்விடத்தில் நினைவுக்கு வரும். இதற்கு நிருவாகி ஒருவர் ஒரு மறுப்புரை கூறக்கூடும். கூலி கொடுப்பதும் தூண்டுதல், பாராட்டுவதும் தூண்டுதல். தூண்டுதலையெல்லாம் குற்றம் என்றால் எத்தொழிலும் நடைபெறாது. நல்ல சொல் கேட்டு மகிழ்ந்து உழைப்பவனுக்கு என்ன தீங்கு நேர்ந்துவிட்டது? இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. கான்றின் நெறியிலும் ‘மட்டும்’ என்ற சொல்லே அச்சாணி. எனவே தூண்டுதல்களை ஒருங்கே விலக்குவதை விட்டு அவற்றை வேறுபடுத்தி அறியும் உரைகல் ஒன்றே வேண்டப்படுகிறது.

அவ்வுரைகல்லை இரு வினாக்களாக அமைக்கலாம். முதலாவது, ஓர் உபாயம் யார்மீது கையாளப்படுகிறதோ அவருக்கு அதை முழுமையாக வெளிப்படுத்திய பின்னும் அது நிலைக்குமா? பங்குக் கணக்கை வலை இழுப்பவனுக்கு விளக்கினால் அவன் ஊக்கம் குன்றாது. கணக்கு நேரியதாயின் வளரவும் செய்யும். உண்மையாகச் சிறப்புற்ற வேலைக்கு அளித்த பாராட்டும், அதன் காரணத்தைச் சொல்வதனாற் கெடாது. கூலியை உயர்த்தாமல் இருப்பதற்காகவே பாராட்டு விழா எடுக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டால், அவ்விழா அப்பொழுதே வெறுங்கூத்தாகிவிடும். மறைவில் மட்டுமே பலிக்கும் உபாயம் மனிதனை இயக்குகிறது. வெளிச்சத்திலும் பலிப்பதே அவனை ஊக்குகிறது.

இவ்வொரு வினா போதாது. முற்பணக் கடன் ஒளிவுமறைவற்றது. இருந்தும் அது விலங்கு. ஆகவே இரண்டாவது வினா வேண்டும்: தன் வாழ்வு குலையாமல் அவரால் அதை மறுக்க இயலுமா? கடன் தலைமேல் நிற்கும்போதும், வேறு தொழில் கிடையாதபோதும், தொழிற்சங்கம் அமைக்க வழியற்றபோதும் அளிக்கப்படும் ‘ஆம்’ என்ற சொல் முழுமையான இசைவன்று. அத்தகையோரிடத்தில் உளவியல் நுட்பங்களைக் கையாள்வதற்கு முன் அவர்தம் மறுக்கும் ஆற்றலை வளர்ப்பதே கடமையாகும். ஹேர்ஸ்பேர்க் ஊக்கக் காரணிகளுட் சேர்க்காது விட்ட சம்பளமும் வேலைப் பாதுகாப்பும் அறவியல் நோக்கில் முதலிடம் பெறுவது இதனாலேயே. அவை ஊக்கத்தைத் தாராதிருக்கலாம். ஊக்கம் தன்னுடையதாயிருப்பதற்கான உரிமையைத் தருகின்றன.

இவ்விரு வினாக்களும் தொழிலாளியை மட்டும் காப்பனவல்ல. மறைவான உபாயங்களால் உழைப்பைப் பெறும் நிருவாகி, தான் காணும் முகமலர்ச்சியில் உண்மை எவ்வளவு, நடிப்பு எவ்வளவு என்று அறியும் வழியைத் தானே அடைத்துவிடுகிறார். பழுது நேரும்போது அவருக்கு உண்மையைச் சொல்ல எவரும் இருக்கமாட்டார். நம்பிக்கை சிதைந்து மெல்ல மெல்ல மீண்டுவரும் ஒரு சமூகத்தில் இவ்விழப்பு தொழிற்சாலையோடு நின்றுவிடுவதில்லை. வள்ளுவர் கூறிய உடைமைகளுள் ஊக்கத்தைப் பிறர் ஒருவனுக்கு வழங்க முடியாது. அவனிடமுள்ளதை அழிக்காமல் இருக்க முடியும். தொழிற்களத்தை ஆள்வோரிடம் அறம் முதற்கண் வேண்டிநிற்பது அவ்வளவே.